ஏழாம் எண் பனியனும் நடிகரின் இடது தோளும்

அனுப்புநர்:
டே. சித்ரகலா (வயது 38),
க/பெ. டேனியல்,
மூன்றாவது லைன் வீடு, கிணற்றுச் சந்து,
மங்கலம் சாலை, திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: உள்ளூர் கேபிள் ஒளிபரப்பு – கால்பந்து இறுதி ஆட்டம் என்று அறிவித்துவிட்டுத் திரைப்பட நடிகரைக் காட்டியது – தவறு செய்யாத ஆட்டக்காரர் முனீஸ் என்பவர் அதனால் இரண்டாண்டுத் தடையில் சிக்கியிருப்பது – அழிக்கப்படவிருக்கும் மூல டேப்பை உடனே பெற்றுத் தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

திங்கட்கிழமைதோறும் தாங்கள் வாங்கும் மனுக்களில் குடிநீர், பட்டா, முதியோர் உதவித்தொகை, சாயக்கழிவு என்று தலைபோகிற காரியங்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவே பந்தாட்டத்தைப் பற்றி ஒரு மனுவா என்று தாங்கள் நினைக்கக்கூடும். வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்களும் விசாரித்துவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு டேப் கிடைக்காவிட்டால் ஒரு பையனின் பிழைப்பு போய்விடும் என்பதால் வந்திருக்கிறேன். முழுவதையும் படித்து முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் கணியூரில் பிறந்து, திருமணமாகி இங்கு வந்தவள். மங்கலம் சாலையிலுள்ள ஒரு பின்னலாடை நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் வேலை. பழுது எங்கே என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் தொழில். உலகக் கோப்பை நடக்கும் ஆண்டுகளில் வெளிநாட்டு ரசிகர்களுக்கான கால்பந்துப் பனியன்கள் எங்கள் மேசைக்கு மலைமலையாக வரும். எந்த நாட்டுக்கு எந்த நிறம், எந்த எண்ணுக்கு எவ்வளவு கிராக்கி என்று கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பிறகு ஆட்டத்தையே பார்க்கத் தொடங்கினேன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று என் கணவருக்கு விளக்கியது நான்தான். அவர் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

2. இந்த ஆண்டு பனியன் கம்பெனிகளுக்கிடையே நடந்த கால்பந்துப் போட்டியில் எங்கள் நிறுவன அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணி அவிநாசிபாளையம் பக்கத்து நிறுவனம் ஒன்றின் அணி. ஊரே போட்டுக்கொள்ளப் பனியன் தைக்கும் எங்களிடம் எங்கள் அணிக்கென்று ஒரு பனியன் கிடையாது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். ஆகவே குடோனில் கிடந்த ரிஜெக்ட் சரக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி முதலாளி பெருந்தன்மையோடு சொன்னார். கழுத்துப் பட்டியின் நிறம் ஒரு படி கூடிவிட்டதால் திரும்பி வந்த சரக்கு அது. துணி அருமையான துணி. ஒரே ஒரு சங்கடம்: யாரோ ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் ரசிகர்களுக்காகத் தைத்தவை என்பதால் எல்லாவற்றின் முதுகிலும் 7 என்ற எண்ணே இருந்தது.

3. நடுவர் இதை ஏற்க மாட்டார் என்று தெரிந்து, எங்கள் பிரிவுப் பெண்கள் கூடி ஒரு வழி செய்தோம். பழுதுக்கு ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர்களை வெட்டி, ஏழுக்கு அருகில் வேறு எண்களை ஒட்டி, பதினேழு, இருபத்தேழு, நாற்பத்தேழு என்று பதினொரு பேரையும் பிரித்தோம். பட்டியலில் ஏழாம் எண்ணாக இருந்த முனீசுக்கு மட்டும் ஸ்டிக்கர் தேவைப்படவில்லை. பனியன் துணியில் எங்கள் ஸ்டிக்கர் நன்றாகத்தான் ஒட்டும். ஆனால் துணிக்குள் ஓர் ஆள் இருந்து, அந்த ஆளும் ஓடி வியர்ப்பான் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. செக்கிங் மேசையில் பனியன் வியர்ப்பதில்லை. இடைவேளைக்குள் ஸ்டிக்கரெல்லாம் உதிர்ந்து, எங்கள் அணி முழுவதும் மறுபடி ஏழாகிவிட்டது.

4. இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் எங்களுக்கு ஷிப்மென்ட் அவசரம் இருந்ததால் பாதிப் பேர் மைதானத்துக்குப் போக முடியவில்லை. அது குறித்து இம்மனுவில் புகார் ஏதுமில்லை. ‘நிலாச்சுடர் கேபிள் விஷன்’ என்ற உள்ளூர்ச் சேனல் ஆட்டத்தை நேரலையாகக் காட்டப்போவதாக ஒரு வாரம் அடிக்கடி அறிவித்தது. அதை நம்பித்தான் வேலைக்கு வந்தோம். ஆட்ட நேரத்துக்கு கேன்டீனில் டி.வி. வைத்துத் தந்தார்கள். கரண்ட் போனதும் ஜெனரேட்டரும் போட்டார்கள்.

முதல் பாதி ஓரளவு தெரிந்தது என்பதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். வர்ணனைக்கு அமர்ந்த தொகுப்பாளினிக்கும் நகைச்சுவைக் கலைஞருக்கும் பந்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. வரப்போகும் விருந்தினரின் அடுத்த படத்தைப் பற்றியே பேசினார்கள். இடையில் விழுந்த இரண்டு கோல்களும் அவர்கள் பேச்சுக்குக் குறுக்கே வந்துவிட்டதைப்போல இருந்தது. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இடைவேளை வந்தது.

5. இரண்டாம் பாதியில் அந்த விருந்தினர் வந்தார். பிரபலமான திரைப்பட நடிகர். ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்காக ஊருக்கு வந்தவரைச் சேனல்காரர்கள் மைதானத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். அவர் பெயரை எழுத விரும்பவில்லை, ஏனென்றால் என் புகார் அவர்மீது இல்லை. அவர் காரிலிருந்து இறங்கிய நொடியிலிருந்து இரண்டு கேமராக்களும் அவர் பக்கம் திரும்பின. அவர் நடந்தார். அமர்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டு இரண்டு முறை மறுபடியும் காட்டினார்கள். ஐயா, முதல் பாதியில் விழுந்த கோல்களைக்கூட இவர்கள் அப்படிக் காட்டவில்லை.

பின்னால் ஆட்டம் நடக்கும் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது. கேன்டீனில் சமைக்கும் சென்னம்மாள் கரண்டியோடு வந்து நின்று, “ஏனுங்க, பந்து எங்கீங்க போச்சு?” என்று கேட்டார். கால்பந்தை வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்க வந்தவர் அவர். அவருக்குத் தோன்றிய கேள்வி அந்தச் சேனலில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருவருக்குத் தோன்றியது. அது அந்த நடிகருக்கே. இளநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, “கேமராவ அந்தப் பக்கம் திருப்புங்க பிரதர், மேட்ச் போயிட்டிருக்கு” என்று அவர் சொன்னது எங்கள் காதில் தெளிவாக விழுந்தது. தொகுப்பாளினி சிரித்தபடி, “உங்கள விட மேட்ச்சா சார் முக்கியம்?” என்றார். கேமரா திரும்பவில்லை.

6. அவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மைதானத்தில் பெரும் கூச்சல் எழுந்தது. தொடர்ந்து விசில் நீளமாக ஊதியது. என்ன நடந்தது என்று தெரியாமல் கேன்டீனில் இருந்த நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். திரையில் நடிகர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் இருந்த என் கணவர் டேனியலைச் செல்போனில் அழைத்து என்னவாயிற்று என்று பதறிக் கேட்டேன். அவர் அளித்த பதிலை உள்ளது உள்ளபடி தருகிறேன்: “அட, நானும் பாக்கல சித்ரா. ஆக்டர் இளநி குடிச்சிட்டிருக்காரு, இங்கிருந்து நல்லாத் தெரியுது.” அன்றிரவு வீட்டில் அவருடன் நான் பேசவில்லை.

7. நடந்தது இதுவென்று பிறகு ஆட்டக்காரர்களிடமும், ஓரத்தில் கொடி பிடிக்கும் கோட்டு நடுவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எதிரணியின் கோல் பக்கத்தில் எங்கள் ஆள் போட்ட கோலை, ஆஃப்சைடு என்று கொடி காட்டிக் கோட்டு நடுவர் மறுத்தார். ஆத்திரத்தில் எங்கள் அணியில் ஒருவன் பின்னாலிருந்து அவரைத் தள்ளிவிட்டான். அவர் விழுந்தார். எழுந்து பார்த்தபோது ஓடுகிறவனின் முதுகு மட்டும் தெரிந்தது. அதில் 7 இருந்தது. தலைமை நடுவர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். அப்போது எல்லோர் முதுகிலும் ஏழுதான் என்றாலும், பட்டியலில் ஏழு என்றால் முனீஸ். மைதானத்தின் மறு ஓரத்திலிருந்து முனீசைக் கைதட்டி அழைத்தார்கள். அவன் ஓடி வந்து, “எதுக்கு சார்?” என்று கேட்டதற்குச் சிவப்பு அட்டையைக் காட்டினார்கள். அதன் பிறகு ஆள் குறைந்த எங்கள் அணி ஒரு கோல் வாங்கித் தோற்றது. அந்தக் கோலையும் நாங்கள் பார்க்கவில்லை.

8. முனீஸ் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் நிறுவனத்தில் துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவன். வயது இருபத்தொன்று. தடுப்பாட்டக்காரன். அவனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். புதிதாகப் பிறந்திருக்கும் நம் மாவட்டத்துக்கென்று முதன்முதலாக ஓர் அணி எடுக்கிறார்கள். அதற்கான தேர்வு வரும் ஞாயிறு, ஆகஸ்ட் 30 அன்று நடக்கிறது. வேலைக்கு ஆட்டக்காரர்களை எடுக்கும் ஒரு துறையின் பயிற்சியாளரும் அன்று பார்வையிட வருகிறார். முனீசின் பெயர் அழைப்புப் பட்டியலில் இருந்தது. ஊரிலுள்ள அவன் அம்மா செல்லத்தாய், மகன் காலால் சர்க்கார் வேலை வாங்கப் போகிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியாகிவிட்டது. கோட்டு நடுவரைத் தாக்கியதாகப் போட்டிக் குழு இரண்டாண்டுத் தடை விதித்ததும் அந்தப் பெயரை அடித்துவிட்டார்கள்.

9. தள்ளியது கட்டிங் பிரிவில் வேலை செய்யும் ராஜபாண்டி. இதை அவனே அன்று மாலை போட்டிக் குழுவிடம் போய், “நான்தான் சார் தள்ளுனேன், தப்புத்தான், என்னையத் தடை பண்ணுங்க” என்று ஒப்புக்கொண்டான். குழுச் செயலாளர் நம்பவில்லை. “நல்லா ஆடறவனக் காப்பாத்த ஆடத் தெரியாதவன அனுப்பியிருக்கீங்களா?” என்று கேட்டிருக்கிறார். கேட்ட தடை கிடைத்திருந்தால்கூட ராஜபாண்டியை அந்தச் சொல் அளவுக்குச் சுட்டிருக்காது. கடைசியில் செயலாளர், “டி.வி.யில இருந்தாக் கொண்டாங்க, பாத்துக்கலாம்” என்று ஒரு வழி விட்டார். ஊரில் எத்தனையோ ஆட்டங்கள் கேமரா இல்லாமல் நடக்கின்றன. இதில் இரண்டு கேமரா இருந்தும் இந்தக் கதி.

முனீசிடம் அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்டால், “நான் அங்கன இல்லக்கா” என்பதோடு நிறுத்திக்கொள்வான். அவனே தள்ளியிருப்பானோ என்று எங்களில் சிலருக்கே சந்தேகம் வந்தது.

10. அடுத்த ஞாயிறு சேனலில் மறு ஒளிபரப்பு. இந்த முறை அதன் பெயர் இறுதி ஆட்டம் இல்லை. ‘திருப்பூரில் ஒரு நட்சத்திரத் திருவிழா’. முழு நேரமும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சாம்பல் நிற டி-ஷர்ட்டில் எண்ணெய்ப் பொட்டைத் தேடுவதுபோல அந்த மனிதரின் முகத்தைச் சுற்றித் தேடினேன். இளநீர்க் காட்சியில், பேச்சுக்காகக் கேமராவின் பக்கம் திரும்பியிருக்கும் நடிகரின் இடது தோளுக்குப் பின்னால், மைதானத்துக்குள் எங்கள் அணிப் பையன் ஒருவன் நிற்கிறான். முதுகு ஆட்டத்தின் பக்கம். முகம் நடிகரின் பக்கம். கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கிறான். மணிக்கட்டில் சிவப்புத் துணிப்பட்டை. முனீசின் கைவலிக்காகக் காலையில் வெட்டுத்துணியில் நானே கிழித்துக் கட்டிவிட்ட பட்டை அது. சற்று நேரத்தில் அவன் திடுக்கிட்டுத் திரும்பி, கையைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறான்.

நடிகர் அமர்ந்திருந்த பந்தல் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. கோட்டு நடுவர் விழுந்தது மேற்கு ஓரத்தில். ஒருவன் இரண்டு இடத்திலும் இருக்க முடியாது.

11. ஆனால் மறு ஒளிபரப்பை வைத்து நிரூபிக்க வழியில்லை. பையனின் முகத்தின் மேல் ஆடித் தள்ளுபடிக் கட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. மைதானத்துச் சத்தத்தை எடுத்துவிட்டு நடிகரின் படப் பாடல்களைச் சேர்த்திருக்கிறார்கள். நேரலையில் நாங்கள் கேட்ட கூச்சலும் விசிலும் அதில் இல்லை. கட்டமும் பாட்டும் ஏறாத மூல டேப்பில் அவன் முகமும் இருக்கும், அதே நேரத்து விசிலும் இருக்கும்.

12. டேப்பைக் கேட்டுச் சேனல் அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார், டீயும் வாங்கிக் கொடுத்தார். “ஆக்டர் சி.டி. போட்டுத் தர்றனுங்க, மேட்ச் எதுக்குங்க உங்களுக்கு?” என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். நான் விளக்கிச் சொன்னதும், மூல டேப்பை வெளியாளுக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லை என்றார். அந்தச் சேனல் கல்யாண வீடியோவும் எடுக்கிறது. ஆவணி முகூர்த்தங்களுக்கு டேப் பற்றாக்குறை என்பதால் இந்த வாரக் கடைசியில் அதே டேப்பில் ஒரு கல்யாணத்தை எடுக்கப் போவதாகவும் சொன்னார். யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் முனீசின் பிழைப்பு அழிந்துபோகும். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். அவளுக்கு வேறு டேப் வாங்கட்டும்.

13. இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று முனீஸ் என்னிடம் கேட்டுக்கொண்டான். மறு ஒளிபரப்பில் பார்த்ததைச் சொல்லி அவனைக் கேட்டபோது ஒப்புக்கொண்டான். பிறகு, “அக்கா, சொல்லிறாதீக. ஃபைனல்ல பந்த விட்டுட்டு ஆக்டரப் பாத்துக்கிட்டு நின்னான்னு பேரெடுக்கிறதுக்கு, அடிச்சான்னே இருந்துட்டுப் போகட்டும்” என்றான். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு தடுப்பாட்டக்காரனுக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை என்பது எனக்கும் தெரியும். இறுதி ஆட்டம், சமநிலை, பந்து உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. இவன் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறான். அதற்கு அவனை நாங்கள் நன்றாகத் திட்டியாகிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் திட்டுவோம். தள்ளியதற்கான தண்டனையை மட்டும் அவனுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

ஊரே ஒரு பக்கம் திரும்பி நின்றபோது அவனும் திரும்பினான். கேமரா பிடித்தவர் திரும்பினார், வர்ணனை சொன்னவர்கள் திரும்பினார்கள், டிக்கெட் வாங்கிப் போன என் வீட்டுக்காரர் திரும்பினார். வீட்டிலிருந்தவர்களுக்கு ஆட்டத்தைக் காட்டாமல் விட்டதோடு இந்த ஒளிபரப்பு நிற்கவில்லை. மைதானத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தவனிடமிருந்தும் ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டது. என் ஆத்திரமெல்லாம் அதுதான் ஐயா.

14. ஆகவே தங்களிடம் கேட்பது:

முதலாவதாக, கேபிள் ஒளிபரப்பு பற்றிய புகார்களை விசாரிக்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று தாலுகா அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த அதிகாரத்தைக்கொண்டு, மேற்படி மூல டேப்பின் மேல் கல்யாணம் ஏறுவதற்கு முன் அதை வாங்கிவைக்க உத்தரவிட வேண்டும். அதைப் போட்டிக் குழுச் செயலாளரும் கோட்டு நடுவரும் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுக்குள் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். கோட்டு நடுவர் நல்ல மனிதர்; “முதுகத்தானுங்க பாத்தேன், மூஞ்சியப் பாக்கலீங்க” என்று என்னிடமே சொன்னவர். முகத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்.

மற்றது பொதுவானது. இனிமேல் விளையாட்டு என்று அறிவித்துவிட்டு ஒளிபரப்பினால் பந்து இருக்கும் இடத்தில் ஒரு கேமராவாவது இருக்க வேண்டும் என்று இந்த மாவட்டத்துச் சேனல்களுக்குச் சொல்ல வேண்டுகிறேன். பிரபலங்கள் வரட்டும், எங்களுக்கும் அவர்களைப் பிடிக்கும். திரையின் மூலையில் ஒரு கட்டத்தில் காட்டட்டும். தள்ளுபடி விளம்பரத்துக்கு அளவெடுத்துக் கட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சரிசெய்துவிட்டோம். அடுத்த ஆண்டுக்கு ஒன்று முதல் பதினாறு வரை எண்களைத் தைத்தே வைத்துவிட்டோம், ஸ்டிக்கர் கிடையாது. முனீசின் எண் ஏழேதான், அவன் மாற்ற மாட்டேன் என்கிறான். அந்தப் பனியனை அவன் போடுவதும் போடாததும் இப்போது தங்கள் கையில் இருக்கிறது.

பணிவுடனும் கோபம் குறையாமலும்,
டே. சித்ரகலா

இடம்: திருப்பூர்
நாள்: 24.08.2009

இணைப்பு:
அ) ராஜபாண்டி கையெழுத்திட்ட ஒப்புதல்.
ஆ) முனீஸ் நேற்று மாலை தானாகவே எழுதிக்கொண்டுவந்து கொடுத்தது. வேறு தாளில் திருத்தி எழுதித் தரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். அப்படியே இணைத்துள்ளேன்:

“ஐயா, அந்த நேரத்துல நான் பந்தைப் பாக்கல. அவரத்தான் பாத்துக் கைகாட்டிக்கிட்டு நின்னேன். டேப்புல இருக்கும். – முனீஸ்”